ஒரு டி-சர்ட்டை வைத்து மானிடப் புவியியல் படிப்பது எப்படி?

மானிடப் புவியியல் என்றதும் தலைநகரங்களின் பட்டியலும் ஆறுகளின் நீளமும் ஞாபகத்துக்கு வந்தால், அவற்றை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். இந்தத் துறை திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இரண்டுதான். மனிதர்கள் செய்யும் ஒரு காரியம் ஏன் அந்த இடத்தில் நடக்கிறது? அங்கே நடப்பது வேறோர் இடத்தில் இருப்பவரை எப்படித் தொடுகிறது? இதைப் பழகப் பாடநூல் வேண்டியதில்லை. வீட்டில் இருக்கும் ஒரு பொருள், ஒரு உலக வரைபடம், இணைய இணைப்பு, ஒரு நோட்டு, சில மாலை நேரங்கள் போதும்.

எந்தப் பொருளை எடுப்பது? பலருக்கும் முதலில் தோன்றுவது செல்பேசி. கோபால்ட் காங்கோவிலிருந்து, சிப் தைவானிலிருந்து என்று கதை சுவையாகவே தொடங்கும். ஆனால் பாகங்கள் ஏராளம், பலவற்றுக்குத் தடயமே கிடைக்காது, ஆள் நடுவழியில் சலித்துப்போவார். என் பரிந்துரை பருத்தி டி-சர்ட். ஏழெட்டுக் கட்டங்களில் கதை முடிந்துவிடும். ஒவ்வொரு கட்டமும் என்னவென்று யாருக்கும் புரியும்.

லேபிளில் தொடங்குங்கள்

கழுத்துக்குப் பின்னால் தைத்திருக்கும் லேபிளில் ஒரு நாட்டின் பெயர் இருக்கும். அது பெரும்பாலும் துணியை வெட்டித் தைத்த நாடு. சுங்க விதிகளின்படி, பொருள் கடைசியாகக் கணிசமாக உருமாறிய இடம்தான் அதன் பிறப்பிடமாகக் கணக்கில் வரும். பருத்தி எங்கே விளைந்தது, நூல் எங்கே நூற்றார்கள் என்பதை லேபிள் சொல்லாது.

நோட்டில் இந்தக் கட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள்: பருத்தி விளைந்த இடம், விதை நீக்கிப் பஞ்சாக்கிய இடம், நூல், துணி, சாயம், தையல், விற்பனை, கழித்துக்கட்டிய பிறகு போகும் இடம். லேபிளை வைத்து நிரப்ப முடிவது ஒரே ஒரு வரி. விற்பனை என்ற வரியை நீங்களே நிரப்பிவிடலாம். மிச்சமெல்லாம் காலியாக இருக்கும். அந்தக் காலியிடங்களை நிரப்பப் போகிறோம்.

சுங்கத்துறையின் எண்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்

புதியவர்களுக்கு யாரும் சொல்லித்தராத, ஆனால் மிகவும் உதவும் கருவி எச்.எஸ். (Harmonized System) குறியீடு. உலக சுங்க அமைப்பின் இந்த முறை 1988-ல் நடைமுறைக்கு வந்தது. எல்லை தாண்டும் ஒவ்வொரு பொருளுக்கும் ஆறு இலக்க எண் உண்டு. எந்த நாட்டுக்குப் போனாலும் முதல் ஆறு இலக்கம் மாறாது. நமக்கு முதல் நான்கு போதும். அடிக்காத, சீவாத கச்சாப் பருத்தி 5201. பருத்தி நூல் 5205. பின்னல் டி-சர்ட் 6109. அணிந்து கழித்த பழைய துணி 6309. நீங்கள் எழுதிய காலி வரிகளுக்குப் பக்கத்தில் இந்த எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஐ.நா.வின் காம்ட்ரேட் தரவுத்தளத்தைத் திறந்து, லேபிளில் இருக்கும் நாட்டையும் எண்ணையும் கொடுங்கள். அந்த நாடு 5201-ஐ எங்கிருந்து வாங்குகிறது, 6109-ஐ யாருக்கு விற்கிறது என்று வந்துவிடும். அட்டவணையைப் பார்த்தால் தலை சுற்றுகிறதென்றால் ஓ.இ.சி. தளம் அதே தரவைப் படமாகக் காட்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒரே சரக்குக்கு விற்ற நாடு சொல்லும் கணக்கும் வாங்கிய நாடு சொல்லும் கணக்கும் பொருந்தாது. ஏற்றுமதி மதிப்பில் பொதுவாகக் கப்பல் கூலியும் காப்பீடும் சேராது, இறக்குமதி மதிப்பில் சேரும் என்பது ஒரு காரணம். தீர்வை வசூலிக்க வேண்டியிருப்பதால் இறக்குமதிப் பதிவில் கவனம் கூடுதலாக இருக்கும்; சந்தேகம் வந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, ஹாங்காங், நெதர்லாந்து போன்ற இடங்கள் பட்டியலில் பெரிதாகத் தெரியும். அங்கே விளைந்ததும் தைத்ததும் கொஞ்சமாக இருக்கலாம். பெரிய துறைமுகம் வழியாகச் சரக்கு கடந்து போவதுதான் எண்ணைக் கூட்டுகிறது.

இவையெல்லாம் நாட்டின் மொத்தக் கணக்கு. உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு சட்டையின் பஞ்சு இன்ன வயலிலிருந்து வந்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ‘பெரும்பாலும் இங்கிருந்து’ என்று நோட்டில் எழுதுங்கள், ‘இங்கிருந்து’ என்று எழுதாதீர்கள்.

ஏன் அங்கே?

இனிதான் புவியியல். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ‘ஏன் அங்கே?’ என்று கேளுங்கள். பதில்கள் பெரும்பாலும் மூன்று வகையில் விழும்: மண்ணும் தட்பவெப்பமும், கூலியும் திறமையும், விதிகள். முதல் இரண்டும் யாருக்கும் சட்டென்று தோன்றிவிடும். மூன்றாவதைத் தேடிப் போக வேண்டும், அங்கேதான் நல்ல சரக்கு கிடைக்கிறது.

வங்கதேசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பருத்தி விளைச்சல் மிகக் குறைவு. ஆலைகளுக்குத் தேவையான பஞ்சு கிட்டத்தட்ட முழுவதும் வெளியிலிருந்துதான் வருகிறது. அப்படியிருந்தும் ஆயத்த ஆடை ஏற்றுமதியில் சீனாவுக்கு அடுத்த வரிசையில் நிற்கும் நாடு அது. கூலி குறைவு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் கூலி குறைவான நாடுகள் எத்தனையோ இருந்தன. ஏன் வங்கதேசம்?

1974-ல் பல்லிழை ஒப்பந்தம் என்ற ஒன்று வந்தது. எந்த நாட்டிலிருந்து எவ்வளவு துணியும் ஆடையும் தங்கள் சந்தைக்குள் வரலாம் என்று பணக்கார நாடுகள் அதன் வழியே உச்சவரம்பு போட்டன. தென் கொரியா போன்று ஏற்கனவே அதிகம் ஏற்றுமதி செய்தவர்களுக்குக் கை கட்டப்பட்டது. அவர்கள் உச்சவரம்பு இல்லாத நாடாகத் தேடினார்கள். கொரியாவின் தேவூ நிறுவனம் வங்கதேசத்தின் தேஷ் கார்மென்ட்ஸோடு கைகோத்தது. 1979-ல் 130 பேரை பூசான் நகரத்துக்கு அழைத்துப்போய்ப் பயிற்சி கொடுத்தது. பயிற்சி முடித்தவர்களில் பலர் பின்னாளில் அங்கிருந்து விலகிச் சொந்தமாகத் தொழிற்சாலை வைத்தார்கள், அல்லது மற்ற தொழிற்சாலைகளை நடத்தப் போனார்கள். திறமை அப்படித்தான் பரவியது. ஒப்பந்தம் 2004 முடிவோடு காலாவதியானது. தொழிற்சாலைகள் அங்கேயே நின்றுவிட்டன.

ஆக, கொரியாவின் கையைக் கட்டப் போட்ட ஒரு விதி, வங்கதேசத்தில் ஒரு தொழிலையே வளர்த்துவிட்டது. விதியைப் போட்டவர்கள் இதைத் திட்டமிடவில்லை. உலகத் தொடர்புகள் பலவும் இப்படிப் பக்கவிளைவாக உருவானவைதான் என்பது என் கருத்து.

தட்பவெப்பம் என்ற பதிலையும் சும்மா ஏற்றுக்கொள்ளாதீர்கள். மத்திய ஆசியாவில் பருத்திக்கு வேண்டிய வெயில் உண்டு, மழை இல்லை. 1960-களில் சோவியத் அரசு அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளின் தண்ணீரைப் பருத்தி வயல்களுக்குப் பெரிய அளவில் திருப்பியது. அந்த ஆறுகளை நம்பியிருந்த ஏரல் கடல், பரப்பில் உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்தது. இன்று அதன் பெரும்பகுதி உப்புப் பாலை. 2005-ல் கட்டிய கோக்-ஏரல் அணையால் வடக்குத் துண்டு மட்டும் கொஞ்சம் மீண்டது. வரைபடத்தில் பார்ப்பவருக்கு ‘அங்கே பருத்தி விளைகிறது’ என்பது இயற்கை போலத் தெரியும். உள்ளே ஒரு திட்டக் குழுவின் முடிவு இருக்கிறது. ஒரு டி-சர்ட்டுக்குத் தேவையான பருத்தியை விளைவிக்க உலக சராசரியில் சுமார் 2,500 முதல் 2,700 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று மதிப்பிடுகிறார்கள். அந்தத் தண்ணீர் மழையா, ஆறா, நிலத்தடி நீரா என்பதைப் பொறுத்து அந்த எண்ணின் அர்த்தமே மாறும்.

அளவையை மாற்றிப் பாருங்கள்

நாட்டோடு நின்றுவிட்டால் பாதிதான் தெரியும். வங்கதேசத்தின் ஆடைத் தொழில் நாடு முழுக்கப் பரவிக் கிடக்கவில்லை. டாக்காவைச் சுற்றிய சாவார், ஆசுலியா, காஜிப்பூர், நாராயண்கஞ்ச் பகுதிகளிலும் சிட்டகாங்கிலும் குவிந்திருக்கிறது. இன்னும் கீழே இறங்கினால் ஒரே ஒரு கட்டடம். சாவாரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் 2013 ஏப்ரல் 24-ல் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்திருந்தது. இடிபாடுகளுக்குள் கிடந்த லேபிள்களையும் ஆவணங்களையும் வைத்துத்தான் எந்தெந்தப் பன்னாட்டு பிராண்டுகளுக்கு அங்கே துணி தைத்தார்கள் என்பதை ஆர்வலர்கள் வெளிக்கொண்டுவந்தார்கள். அடுத்த மாதமே பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து, சட்டப்படி கட்டுப்படுத்தும் கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திடத் தொடங்கின.

உங்கள் பயிற்சி இதுதான். ஒரே விஷயத்தைக் கட்டடம், நகரம், நாடு, உலகம் என்று நான்கு அளவையில் நான்கு வாக்கியமாக எழுதிப் பாருங்கள். உலக அளவையில் ‘வணிகம் வளர்கிறது’ என்று வரும் வாக்கியம், கட்டடத்துக்கு வரும்போது வேறு மாதிரி ஆகிவிடும். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

வழியை வரையுங்கள்

பண மதிப்பில் இல்லாமல் சரக்கின் அளவில் பார்த்தால், உலகச் சரக்கு வணிகத்தில் 80 சதவீதத்துக்கு மேல் கடல் வழியாகவே போகிறது. இதைச் சாத்தியமாக்கியது ஓர் இரும்புப் பெட்டி. 1956 ஏப்ரல் 26-ல் மால்கம் மெக்லீன் என்ற லாரித் தொழிலதிபர் ‘ஐடியல் எக்ஸ்’ கப்பலில் 58 கன்டெய்னர்களை ஏற்றி அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். மூட்டை மூட்டையாக ஆட்கள் ஏற்றி இறக்கிய வேலை, பெட்டியாகத் தூக்கிவைக்கும் வேலையானது. சரக்குச் செலவு சரிந்தது. தைக்கும் இடமும் விற்கும் இடமும் இவ்வளவு தூரம் விலகியிருந்தும் கட்டுப்படியாவதற்கு அது பெரிய காரணம்.

தைத்த நாட்டின் துறைமுகத்திலிருந்து நீங்கள் வாங்கிய நாட்டின் துறைமுகம் வரை பென்சிலால் கோடு போடுங்கள். மலாக்கா, ஹோர்முஸ், பாப்-எல்-மண்டப், சூயஸ், பனாமா என்ற ஐந்து குறுகிய இடங்களையும் வட்டமிடுங்கள். உங்கள் கோடு இவற்றில் எதைத் தொடுகிறது? அங்கே அடைபட்டால் மாற்று வழி எது? 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது பல நிறுவனங்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போயின. அதே ஆண்டு வறட்சியால் பனாமா கால்வாய் கப்பல்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டியிருந்தது. கப்பலை ஏற்றி இறக்கும் அந்தக் கால்வாயின் மதகுகள் காட்டூன் ஏரியின் நன்னீரில்தான் இயங்குகின்றன. மழை பெய்யாததற்கும் கப்பல் தாமதத்துக்கும் உள்ள தொடர்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரியவில்லை.

2021 மார்ச் 23-ல் சூயஸில் குறுக்கே சிக்கிய ‘எவர் கிவன்’ கப்பலைத் தனியாக ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். 400 மீட்டர் நீளம். உரிமையாளர் ஜப்பானிய நிறுவனம், இயக்கியது தைவான் நிறுவனம், கொடி பனாமாவுடையது, தொழில்நுட்ப நிர்வாகம் ஜெர்மன் நிறுவனத்திடம், மாலுமிகள் 25 பேரும் இந்தியர்கள், போய்க்கொண்டிருந்தது நெதர்லாந்தின் ரோட்டர்டாமுக்கு, சிக்கியது எகிப்தில். இது எந்த நாட்டுக் கப்பல்? ஆறு நாள் கழித்து விடுவிக்கப்பட்ட கப்பலை, இழப்பீட்டுப் பேச்சு முடியும்வரை எகிப்து ஜூலை மாதம் வரை நிறுத்திவைத்தது. மாலுமிகளும் கூடவே காத்திருந்தார்கள்.

கோடு போடும்போது வரைபடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சுவரில் மாட்டும் பல உலக வரைபடங்களும் இணைய வரைபடங்களும் வரைபடவியலாளர் மெர்கேட்டர் 1569-ல் வகுத்த முறையைப் பின்பற்றுகின்றன. மாலுமிக்குத் திசை பிசகக் கூடாது என்று செய்தது அது. அதற்கு விலையாகத் துருவத்தை நெருங்க நெருங்க நிலம் ஊதிப்போகும். அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா 14 மடங்கு பெரியது. தூரம் அளக்கவும் பரப்பை ஒப்பிடவும் உருண்டையாகச் சுழற்றிப் பார்க்கும் கூகுள் எர்த் மேல்.

மனிதர்களைக் கணக்கில் சேருங்கள்

சட்டை பயணம் செய்த அளவுக்கு அதைத் தைத்தவர்கள் பயணம் செய்திருக்க மாட்டார்கள். ஐ.நா. கணக்கில் 2024-ல் பிறந்த நாட்டுக்கு வெளியே வாழ்பவர்கள் 30.4 கோடி பேர், உலக மக்கள்தொகையில் 3.7 சதவீதம். மிச்ச 96 சதவீதத்துக்கும் மேலானவர்கள் பிறந்த நாட்டில்தான் இருக்கிறார்கள். உலகமே சுருங்கிவிட்டது என்று யாராவது ஆரம்பித்தால் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். பொருளுக்கும் பணத்துக்கும் சுருங்கிய அளவுக்கு ஆட்களுக்குச் சுருங்கவில்லை; பாஸ்போர்ட்டும் விசாவும் அதற்குத்தான் இருக்கின்றன.

நாட்டுக்குள்ளான நகர்வு வேறு கதை. புவியியலாளர் எர்ன்ஸ்ட் ராவன்ஸ்டைன் 1885-லேயே பிரிட்டன் மக்கள்தொகைக் கணக்கை வைத்துச் சில போக்குகளைச் சொன்னார்: பெரும்பாலோர் குறுகிய தூரமே நகர்கிறார்கள், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எதிர் ஓட்டம் உண்டு, குறுகிய தூர நகர்வில் பெண்கள் அதிகம். கிராமங்களிலிருந்து டாக்கா ஓரத்துக்கு வந்து தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்த பெண்களுக்கு இவை பெரும்பாலும் பொருந்துகின்றன. எதிர் ஓட்டம் ஆட்களாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, பணமாகவும் இருக்கலாம். வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் வருமானம் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளுக்கு 2023-ல் அனுப்பிய தொகை 65,000 கோடி டாலருக்கும் மேல் என்பது உலக வங்கியின் மதிப்பீடு.

இதைச் செய்தும் பார்க்கலாம். தெரிந்தவர்களில் பத்துப் பேரிடம் நான்கு கேள்வி கேளுங்கள்: எங்கே பிறந்தீர்கள், இப்போது எங்கே இருக்கிறீர்கள், ஏன் நகர்ந்தீர்கள், போன இடத்தில் முன்பே யாரைத் தெரியும்? நான்காவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். முன்பே போன உறவினர், பழைய சக ஊழியர் என்று ஒரு பெயர் வந்துகொண்டே இருந்தால் நீங்கள் பார்ப்பது சங்கிலி இடப்பெயர்வு. அனுமதி கேட்டுவிட்டுக் குறிப்பெடுங்கள், பெயர்களை எழுதாதீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஓட்டங்கள்

சட்டைக்கான ஆர்டர் மின்னஞ்சலில் போயிருக்கும். கண்டம் தாண்டும் இணையத் தரவில் 95 சதவீதத்துக்கு மேல் கடலடிக் கேபிள்களில்தான் ஓடுகிறது. செயற்கைக்கோளுக்கு அதில் சின்னப் பங்குதான். டெலிஜியோகிராபி நிறுவனம் வெளியிடும் கேபிள் வரைபடத்தை உங்கள் கப்பல் கோட்டின் மேல் வைத்துப் பாருங்கள். ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையிலான கேபிள்கள் பலவும் செங்கடல், எகிப்து வழியாகவே போகின்றன. கப்பலும் தரவும் ஒரே சந்துக்குள் நுழைகின்றன. 2022 ஜனவரியில் எரிமலை வெடித்து, பசிபிக் தீவு நாடான டோங்காவை ஃபிஜியோடு இணைத்த கேபிள் அறுந்தது. முக்கியத் தீவில் அதன் சேவை திரும்ப ஐந்து வாரம் ஆயிற்று.

கடைசி வரி: 6309

பழைய துணியை தானப் பெட்டியில் போட்டதும் கதை முடிந்துவிடுவதில்லை. 6309-ஐ காம்ட்ரேட்டில் போட்டுப் பாருங்கள். கானாவின் அக்ராவில் இருக்கும் கந்தமாந்தோ சந்தை, பழைய துணியைப் பிரித்து, தைத்து, மறுபடி விற்பதையே தொழிலாகக் கொண்டது. அங்கே வேலை செய்பவர்களை வெறும் குப்பை வாங்குகிறவர்களாகப் பார்ப்பது தவறு. அதே சமயம் விற்க முடியாதவை அந்த நகரத்தின் தலையில்தான் விழுகின்றன. சிலியின் அட்டகாமா பாலைவனத்திலும் துணிமலைகள் உண்டு. ஏன் அங்கே? மறுபடியும் விதிதான். பக்கத்து இக்கிகே துறைமுகத்தில் 1975 முதல் வரியில்லா வணிக மண்டலம் இருக்கிறது. துணி அங்கே வந்து இறங்கும், விலைபோகாதது பாலையில் போய்ச் சேரும்.

இப்போது உங்கள் கட்டங்கள் ஓரளவு நிரம்பியிருக்கும். பக்கத்தில் இன்னொரு பத்தி (column) போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் யார் முடிவெடுத்தார், முடிவு தவறினால் யார் சுமந்தார் என்று எழுதுங்கள். பிரிட்டிஷ் புவியியலாளர் டோரீன் மாசி வலியுறுத்திய விஷயம் இது: ஓட்டங்கள் எல்லோரையும் தொடுகின்றன, ஆனால் சிலர் அவற்றைச் செலுத்துகிறார்கள், சிலர் அவற்றின் போக்கில் இழுபடுகிறார்கள். என் பார்வையில் இந்தப் பத்தி இல்லாத வரைபடம் வெறும் பயண அட்டவணை.

எப்போது நிறுத்துவது, அடுத்து என்ன?

எல்லா வரியும் நிரம்பும்வரை காத்திருக்க வேண்டாம். சாயப்பட்டறை எங்கே என்பது பெரும்பாலும் தெரியவராது. சில பிராண்டுகள் தங்கள் தொழிற்சாலைப் பட்டியலை வெளியிடுகின்றன. அப்படிப்பட்ட பட்டியல்களைத் தொகுக்கும் ஓப்பன் சப்ளை ஹப் தளத்தில் தேடலாம். அங்கேயும் கிடைக்காவிட்டால் ‘தெரியவில்லை, யாரும் வெளியிடவில்லை’ என்று எழுதிவிட்டு நகருங்கள். யார் எதை மறைக்க முடிகிறது என்பதும் ஒரு தகவல்தான்.

இரண்டாவது பொருளாக ஒரு மருந்து அட்டையை எடுங்கள், ஆன்டிபயாட்டிக் என்றால் வசதி. தயாரித்தவர் பெயர் அட்டையிலோ பெட்டியிலோ இருக்கும், மூலப்பொருள் வந்த நாடு பெரும்பாலும் இருக்காது. ஆன்டிபயாட்டிக் மூலப்பொருளுக்கு எண் 2941, அளவு பிரித்து அடைத்த மருந்துக்கு 3004. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தேடிவிட்டு, மறுபடி ‘ஏன் அங்கே?’ என்பதிலிருந்து தொடங்குங்கள்.